திலகர் திடலில் கிடைத்த ஐந்து ஐபீஸ்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

மேலூர் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கும் நண்பர், சிம்மக்கல் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய ஜப்பான் தொலைநோக்கியை வாங்கினார். 60 மி.மீ. லென்ஸ், 900 மி.மீ. குவியத்தூரம். மர ஸ்டாண்டில் ஒரு கால் இல்லை. கூடவே ஒரு பலகைப் பெட்டி, அதற்குள் ஐந்து ஐபீஸ்கள் (கண்ணை வைத்துப் பார்க்கும் முனையில் செருகும் சிறு லென்ஸ் குழல்கள்), ஒரு சூரிய ஃபில்டர். எனக்குக் குழாயைவிட அந்தப் பெட்டிதான் பெரிதாகப் பட்டது. ஒரு தொலைநோக்கியோடு வந்த ஐபீஸ்கள் மொத்தமாக ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் இரண்டு தொலைந்திருக்கும், மிச்சம் யார் வீட்டு மேஜை டிராயரிலோ கிடக்கும்.

வாங்கிய கொஞ்ச நாளிலேயே அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார். "எதைப் போட்டாலும் கலங்கலாத்தான்ணே தெரியுது. நிலாவைக் காட்டுனா, ஓரமெல்லாம் சோப்பு நுரை மாதிரி இருக்குன்றாய்ங்க பசங்க. பள்ளிக்கூடத்துப் பெரிய டெலஸ்கோப்புல போட்டாலும் அதே கதைதான்" என்றார். ஐந்தையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக இரண்டு வாங்கிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

கலங்கல் என்பது ஒரே புகார்தான். ஆனால் ஐந்து ஐபீஸுக்கும் காரணம் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொன்றாகப் பார்த்து, எது எதனால் கலங்குகிறது என்று தெரிந்த பிறகே ஒதுக்குவதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யலாம் என்று சொன்னேன். அப்படிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெட்டியில் இருந்தவை

ஐந்தும் 0.965 அங்குலம், அதாவது 24.5 மி.மீ. விட்டமுள்ளவை. பழைய ஜப்பான் தொலைநோக்கிகளின் அளவு அது. இப்போது கடையில் வருவது 1.25 அங்குலம், 31.75 மி.மீ. சந்தைக்குப் போகிறவர்கள் விட்டத்தை அளக்கப் பையில் ஒரு வெர்னியர் அளவுகோல் வைத்துக்கொள்வது நல்லது. கல்லூரி ஆய்வகங்களில் கழித்துக் கட்டிய மைக்ராஸ்கோப் ஐபீஸ்களும் இதே குவியலில் தான் கிடக்கும். அவற்றின் விட்டம் 23.2 மி.மீ.; 24.5 குழாயில் போட்டால் தொளதொளவென்று ஆடும். மேலே மி.மீ. இல்லாமல் "10 எக்ஸ்" என்று பொறித்திருந்தால் அது மைக்ராஸ்கோப்புக்கு உரியது. அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. 10 எக்ஸ் என்றால் 25 மி.மீ. குவியத்தூரம் என்று கணக்கு. ஒரு சுற்று டேப் ஒட்டினால் தொலைநோக்கியிலும் உட்கார்ந்துவிடும்.

நம் பெட்டியில் இருந்தவற்றின் மேல் எச் 20, எச்.எம். 12.5, கே 22, ஓ.ஆர். 9, எஸ்.ஆர். 4 என்று பொறித்திருந்தது. எழுத்து ஐபீஸின் வகை, எண் அதன் குவியத்தூரம். தொலைநோக்கியின் குவியத்தூரத்தை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வந்துவிடும். 900-ஐ 20-ஆல் வகுத்தால் 45 மடங்கு, 12.5-ஆல் வகுத்தால் 72 மடங்கு, 9-ஆல் வகுத்தால் 100 மடங்கு.

எஸ்.ஆர். 4-இன் கதை இந்தக் கணக்கிலேயே முடிந்துவிடும். 225 மடங்கு. 60 மி.மீ. லென்ஸ் தாங்குவது சுமார் 120 மடங்குதான்; அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், மங்கும், புதிதாக எதுவும் தெரியாது. போதாததற்கு இது ராம்ஸ்டன் வகை. கண் இமை கண்ணாடியில் உரசுகிற அளவுக்கு நெருங்கிப் பார்க்க வேண்டும். அட்டைப் பெட்டியில் பெரிய எண்ணை அச்சடிப்பதற்காகவே சேர்த்த ஐபீஸ் இது என்பது என் கருத்து. பிள்ளைகள் முதலில் எடுத்துப் போடுவதும் இதைத்தான், ஏமாந்து தொலைநோக்கியையே வெறுப்பதும் இதனால்தான். இதை முதல் வேலையாக எடுத்துத் தனியே வைத்தோம்.

மற்ற நான்கையும் டியூப்லைட்டுக்கு அடியில் வைத்து, கண்ணாடிக்குள் தெரியும் பிரதிபலிப்புகளை எண்ணினோம். திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. காற்றும் கண்ணாடியும் சேரும் ஒவ்வொரு பரப்பும் ஒரு பளிச்சென்ற பிம்பம் தரும். இரண்டு கண்ணாடிகளைப் பசை வைத்து ஒட்டிய பரப்பு மங்கலான பிம்பம் தரும். எச் 20-இல் பளிச்சென்று நான்கு, மங்கல் ஒன்றும் இல்லை. இரண்டு தனி லென்ஸ்கள், ஒட்டு கிடையாது. 1660-களில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் அமைத்த வடிவம் இது. கே 22-இல் நான்கும், மங்கலாக ஒன்றும். கார்ல் கெல்னர் 1849-இல் வெளியிட்ட வடிவம்; கண் பக்கத்து லென்ஸ் மட்டும் ஒட்டுக் கண்ணாடி. ஓ.ஆர். 9-இல் நான்கும், மங்கலாக இரண்டும். எர்ன்ஸ்ட் அபே 1880-இல் வடிவமைத்த ஆர்த்தோஸ்கோபிக். மூன்று கண்ணாடிகள் சேர்ந்த ஒட்டு, அதற்கு மேல் ஒரு தனி லென்ஸ்.

பிம்பத்தின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். எச் 20-இன் பிம்பங்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. பூச்சு இல்லாத வெறும் கண்ணாடி. ஓ.ஆர். 9-இல் நீலம் கலந்த ஊதா. மக்னீசியம் ஃபுளோரைடு பூச்சு. 1935-இல் செய்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்த முறையிலிருந்து வளர்ந்த பூச்சு இது. வெறும் கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். நான்கு பரப்பு என்றால் 15 சதவீதம் போயிற்று. ஒற்றைப் பூச்சு இருந்தால் ஐந்தாறு சதவீதத்தோடு நிற்கும்.

எச்.எம். 12.5: திருப்பிப் போட்ட லென்ஸ்

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆசிரியர் சொன்ன சோப்பு நுரை இந்த ஐபீஸில்தான் அதிகம். நடுவில் ஒரு நட்சத்திரத்தை வைத்தால் ஏதோ சமாளிக்கலாம். கொஞ்சம் நகர்ந்தாலும் வால் முளைத்துவிடும். எச்.எம். என்பது ஹைகன்ஸ் வடிவத்தை மிட்டன்ஸ்வே திருத்திய வகை. வானத்தைப் பார்க்கும் முன் லென்ஸ் ஒரு பக்கம் குவிந்தும் மறுபக்கம் குழிந்தும் இருக்கும். குவியத்தூரம் 900-ஐ லென்ஸின் விட்டம் 60-ஆல் வகுத்தால் 15; அப்படிப்பட்ட எஃப்/15 குழாயில் இது இவ்வளவு மோசமாக இருக்கவே கூடாது.

பகல் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரைப் பார்த்து ஐபீஸை மட்டும் கண்ணில் வைத்தேன். வட்டத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெளிவு. இது பெரிய தடயம். ஹைகன்ஸ் வகையில் அந்த விளிம்பைத் தரும் கறுப்பு வளையம் இரண்டு லென்ஸுக்கும் நடுவே இருக்கிறது. நாம் அதைக் கண் லென்ஸ் வழியாக மட்டும் பார்க்கிறோம். விளிம்பு தெளிவாக இருக்கிறது என்றால் கண் லென்ஸ் சரியான இடத்தில், சரியான பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் கோளாறு முன் லென்ஸில்.

அப்புறம் முன்பக்கத்தை டியூப்லைட்டுக்குக் காட்டினேன். குவிந்த பரப்பு வெளியே இருந்தால் விளக்கின் பிம்பம் நேராகத் தெரியும். விளக்குக்குக் குறுக்கே கையை இடமிருந்து வலமாக நகர்த்தினால், பிம்பத்திலும் நிழல் அதே திசையில் போகும். இங்கே எதிர்த் திசையில் போனது. குழிந்த பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எப்போதோ யாரோ துடைப்பதற்காகக் கழற்றி, மாட்டும்போது திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

முன் லென்ஸைப் பிடித்திருக்கும் வளையத்தில் எதிரெதிரே இரண்டு வெட்டுகள் இருக்கும். அதற்கென்று தனிக் கருவி உண்டு. பள்ளிப் பிள்ளையின் ஜாமென்ட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடரே போதும். முனைகளை மட்டும் அரத்தில் தேய்த்துத் தட்டையாக்கிக்கொள்ள வேண்டும். கூர்முனையோடு வைத்தால் வழுக்கிக் கண்ணாடியில் கோடு போட்டுவிடும். வளையம் இறுகியிருந்தது. மண்ணெண்ணெய், எண்ணெய் எதுவும் விடவில்லை, உள்ளே கசிந்தால் கதை முடிந்தது. பித்தளை உறையைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து திருப்பியதும் இளகியது. இதில் ஒட்டுக் கண்ணாடி இல்லை என்று முன்பே தெரிந்ததால்தான் திறக்கத் துணிந்தோம்.

லென்ஸைக் கவிழ்த்து மெத்தென்ற துணியில் விழவைத்து, ரப்பர் ப்ளோயரால் ஊதி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சை அழுத்தாமல் ஒரே வாட்டத்தில் இழுத்தோம். சட்டை நுனியால் துடைக்கிற பழக்கம் பழைய கண்ணாடிகளை அழித்த அளவுக்கு வேறு எதுவும் அழித்ததில்லை. பிறகு குவிந்த பக்கம் வெளியே வரும்படி வைத்து மூடினோம்.

மாசி மாதத்து இரவில் மேலூருக்குக் கிழக்கே ஒரு கண்மாய்க் கரையில் வைத்துப் பார்த்தோம். மதுரையின் வெளிச்சம் மேற்கே அடிவானத்தில் தேங்கிவிடும், தலைக்கு மேல் கருமை. அதே எச்.எம். 12.5, அதே குழாய், 72 மடங்கு. புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரம் காஸ்டர் நடுவில் இடைவெளி விட்டு இரண்டாக நின்றது. ஓரியன் நெபுலாவுக்குள் இருக்கும் நான்கு நட்சத்திரங்களும் தனித்தனிப் புள்ளி. ஓரத்துக்குப் போனால் இன்னும் சற்றுக் கலங்கத்தான் செய்கிறது, ஹைகன்ஸ் வகையின் இயல்பு அது. ஆசிரியர் கண்ணை எடுக்காமல், "இதையாண்ணே தூக்கிப் போட இருந்தோம்?" என்றார்.

பூஞ்சையும் பால்சமும்

கே 22-இல் கோளாறு வேறு. லூப் வைத்துப் பார்த்ததும் முன் லென்ஸில் வேர் விட்டதுபோல் கிளைகிளையாகப் பூஞ்சை. தெற்காவணி மூல வீதியில் நகை பார்க்கிறவர்கள் கண்ணில் செருகும் 10 எக்ஸ் லூப் இதற்கு மிகச் சரியான கருவி. மதுரை காய்ந்த ஊர்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் மூடிய பெட்டிக்குள் ஈரம் வாரக்கணக்கில் தங்கும். தோல் உறையும் வெல்வெட் பதித்த பலகைப் பெட்டியும் பார்க்க அழகு. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அவைதான். பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரிக்கும்.

ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த பஞ்சால் பூஞ்சையை எடுத்துவிட்டோம். அரித்த தடம் மட்டும் போகவில்லை, போகாது. நிலாவைப் பார்த்தால் சாம்பல் நிற இழைகள் மிதக்கின்றன. இதே தடம் கண் பக்கத்து லென்ஸில் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது. கெல்னர் வகையில் பிம்பம் விழும் இடத்துக்கு மிக அருகே முன் லென்ஸ் இருப்பதால், அதன் மேல் ஒரு தூசி இருந்தாலும் நட்சத்திரத்தோடு சேர்ந்து அதுவும் ஃபோகஸ் ஆகிவிடுகிறது. பழைய கெல்னர் வாங்கும்போது முன் லென்ஸைத்தான் கறாராகப் பார்க்க வேண்டும். கறுத்த வானத்தில் இந்த இழைகள் தெரிவதில்லை. ஆகவே கே 22 நிலாவுக்கு வேண்டாம், நட்சத்திரக் கூட்டங்களுக்கு இருக்கட்டும் என்று முடிவு. 41 மடங்கில் கரினா நெபுலா, ஒமேகா சென்டாரி இரண்டும் அதில் அருமையாக வருகின்றன.

ஓ.ஆர். 9-ஐச் சாய்த்துப் பார்த்தால் ஒட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் பிறை வடிவில் வானவில் நிறம். கனடா பால்சம் ஓரத்தில் விட்டுக்கொடுத்திருக்கிறது. ஃபர் மரத்திலிருந்து எடுக்கும் பிசின் அது. கண்ணாடியோடு ஒத்த ஒளிவிலகல் எண் இருப்பதால் அந்தக் காலத்தில் லென்ஸ் ஒட்ட அதைத்தான் பயன்படுத்தினார்கள். காலம் போகப்போக மஞ்சளாகும், உலரும், சூட்டில் இளகும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் இந்தப் பெட்டியை வைத்துவிட்டுப் போவது பெரிய அநியாயம்.

பிரித்து மறுபடி ஒட்டலாமா என்று ஆசிரியர் கேட்டார். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். மூன்று கண்ணாடிகளையும் ஒரே அச்சில் மறுபடி நிறுத்துவது வீட்டு மேஜையில் ஆகிற காரியமில்லை. அவசியமும் இல்லை. ஒட்டுக் கண்ணாடி பிம்பத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், பிரிந்த ஓரம் பார்வை வட்டத்தின் ஓரத்தை மட்டும்தான் பாதிக்கிறது. கோளையும் இரட்டை நட்சத்திரத்தையும் நாம் நடுவில் வைத்துத்தானே பார்க்கிறோம்?

வளர்பிறை நவமியன்று 100 மடங்கில் நிலாவின் நேர்ச்சுவர் ஒற்றைக் கறுப்புக் கோடாக நின்றது. சுமார் 110 கிலோமீட்டர் நீளமுள்ள சரிவு அது. பங்குனி நள்ளிரவில் தெற்கே 17 பாகை உயரத்துக்கு ஏறிய அக்ரக்ஸ், தெற்குச் சிலுவையின் அடி நட்சத்திரம், காற்றின் நடுக்கம் அடங்கிய நொடிகளில் இரண்டாகப் பிரிந்தது. இரண்டுக்கும் இடைவெளி 4 வில்நொடி (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு வில்நொடி). இந்த ஐபீஸைச் செய்தவர்கள் டோக்கியோ வானத்தில் அந்த நட்சத்திரத்தைப் பார்த்திருக்கவே முடியாது, அங்கே அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. பத்து பாகை அட்சரேகையில் இருக்கும் நமக்கு அது கொடுப்பினை.

பள்ளிக்கூடத்துத் தொலைநோக்கியில் ஏன் எடுபடவில்லை

பள்ளியில் இருப்பது முன் லென்ஸுக்குப் பதிலாக 150 மி.மீ. குழியாடியும் 750 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட நியூட்டன் வகை. எஃப்/5. ஆசிரியர் 24.5 ஐபீஸைக் காகிதம் சுற்றி 31.75 குழாயில் இறுக்கியிருந்தார். அது சாய்ந்து நின்றதால் பாதிக் கலங்கல். ஒரு லேத் பட்டறையில் அலுமினியத்தில் அடாப்டர் கடைந்து வாங்கினோம். வெளிவிட்டம் 31.7, உள்விட்டம் 24.6, மேல் விளிம்பு 2 மி.மீ.தான் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினேன். ஹைகன்ஸ் வகையில் பிம்பம் ஐபீஸுக்கு உள்ளே விழுவதால், மற்ற ஐபீஸ்களைவிட அதை உள்ளே தள்ளினால்தான் ஃபோகஸ் வரும். நியூட்டன் தொலைநோக்கிகளில் அந்த இடம் குறைவு. தடித்த விளிம்போடு கடைந்தால் ஃபோகஸே வராமல் போகலாம்.

ஐபீஸ் நேராக நின்றதும் ஓ.ஆர். 9 தேறிவிட்டது, பார்வை வட்டத்தின் நடுப்பகுதி முழுக்கத் தெளிவு. எச் 20-உம் எச்.எம். 12.5-உம் தேறவில்லை. எஃப்/15-இல் ஒளி மெலிந்த கூம்பாக வருகிறது, அதன் அரைக்கோணம் 2 பாகைகூட இல்லை. எஃப்/5-இல் கிட்டத்தட்ட 6 பாகை. அந்த அகன்ற கூம்பை ஒழுங்காக வளைக்க இரண்டு எளிய லென்ஸ்களால் முடியாது. ஹைகன்ஸ் வாழ்ந்த காலத்துத் தொலைநோக்கிகள் மிக நீளமானவை. அவர் வடிவம் அவற்றுக்கானது. பழைய ஹைகன்ஸ் ஐபீஸை இன்றைய குட்டைக் குழாயில் போட்டுப் பார்த்துவிட்டுக் குப்பை என்று சொல்வது அந்தக் கண்ணாடிக்குச் செய்யும் அநீதி.

சூரியன்

பெட்டியிலிருந்த சூரிய ஃபில்டர், ஐபீஸில் திருகுகிற கரும்பச்சைக் கண்ணாடி. பழைய தொலைநோக்கிப் பெட்டிகள் பலவற்றில் இது இருக்கும். தயவுசெய்து யாரும் பயன்படுத்தாதீர்கள், அரும்பொருள் என்று சேர்த்தும் வைக்காதீர்கள். 60 மி.மீ. லென்ஸ் குவித்த வெயில் முழுவதும் அந்தச் சிறு கண்ணாடியில் விழுகிறது. சூட்டில் அது விரிசல் விட்டால், அடுத்த கணம் வெயில் நேராகக் கண்ணுக்குள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில், துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்துப் போட்டோம்.

சூரியனைப் பார்க்க இந்தப் பெட்டியிலேயே நல்ல வழி இருந்தது. எச் 20. அதில் ஒட்டு இல்லை, சூட்டில் இளகப் பால்சம் இல்லை. அதனால் சூரிய பிம்பத்தைக் காகிதத்தில் விழவைக்க ஹைகன்ஸ் ஐபீஸைவிட ஏற்றது கிடையாது. கெல்னரையும் ஆர்த்தோவையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. 900 மி.மீ. குழாயில் சூரியனின் பிம்பம் 8 மி.மீ. சொச்சம். எச் 20-க்குப் பின்னால் 30 செ.மீ. தள்ளி வெள்ளை அட்டையைப் பிடித்தால் அது 11, 12 செ.மீ. வட்டமாக விரிகிறது. ஒரு வகுப்பே சுற்றி நின்று பார்க்கலாம், யாரும் ஐபீஸில் கண் வைக்க வேண்டியதில்லை. குறிபார்க்கும் சிறு தொலைநோக்கியை மட்டும் முதலிலேயே கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் யாராவது ஒரு பையன் அதில் எட்டிப் பார்ப்பான். குழாயின் நிழல் தரையில் மிகச் சிறிதாகும்வரை திருப்பினாலே சூரியன் அகப்பட்டுவிடும். ஆசிரியர் பிள்ளைகளைச் சூரியப் புள்ளிகளைச் சுற்றிப் பென்சிலால் வரையவைக்கிறார். 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது இங்கிருந்து மேற்கே தெரியும் மலையில், கொடைக்கானல் ஆய்வகத்தில் என்பதையும் சொல்லிக்கொடுக்கிறார். பெட்டியிலேயே பூச்சில்லாத, பழைய வடிவ ஐபீஸுக்குத்தான் பள்ளியில் இப்போது அதிக வேலை.

இப்போதைய நிலை

எச் 20, எச்.எம். 12.5, கே 22 மூன்றும் 60 மி.மீ. குழாயோடு பள்ளியில் இருக்கின்றன. ஓ.ஆர். 9 இரண்டு தொலைநோக்கிக்கும் பொது. பலகைப் பெட்டியை ஆசிரியர் அலமாரியில் வெறுமனே வைத்திருக்கிறார். ஐபீஸ்கள் இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில், சிலிக்கா ஜெல் பையோடு இருக்கின்றன. ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறினால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி போட வேண்டும். மழைக்காலத்தில் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு எட்டாம் வகுப்புப் பெண் பொறுப்பேற்றிருக்கிறாள்.

கே 22-க்கு முன் லென்ஸ் மட்டும் நன்றாக இருக்கிற இன்னொரு கெல்னர் கிடைத்தால், இரண்டிலிருந்து ஒன்று செய்துவிடலாம். குவியத்தூரமும் உறையும் ஒத்து வர வேண்டும், அதனால் அதே எழுத்தும் அதே எண்ணும் பொறித்ததாகத்தான் தேடுகிறோம். எஸ்.ஆர். 4 என் மேஜையில் இருக்கிறது. உள்ளே ஒட்டு இல்லை, கழற்றினால் யாருக்கும் நட்டமும் இல்லை. கழற்றி மாட்டிப் பழக நினைக்கும் பிள்ளைகளுக்கு முதல் ஐபீஸாக அதைத்தான் கையில் கொடுக்கப் போகிறேன்.